அவர் இருக்கிறாரா?

கணேசன்: அந்த எழுத்தாளர் இப்போது எப்படி இருக்கிறார் டீச்சர்?

டீச்சர்: எந்த எழுத்தாளர் சார்?

கணேசன்: போன வாரம் சொன்னீர்களே, நாவல் பிரமாதம், படித்தே ஆகவேண்டும் என்று. அவர்தான். உடம்பெல்லாம் எப்படி?

டீச்சர்: நன்றாகத்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றபடியே பேசினார்.

கணேசன்: அடடா.

டீச்சர்: ஏன் சார் அடடா?

கணேசன்: இல்லை, சர்க்கரை, பிரஷர், அந்த மாதிரி ஏதாவது...

டீச்சர்: ஐம்பத்திரண்டு வயதுதான். தினமும் காலையில் நீச்சல் வேறு.

கணேசன்: நீச்சல் வேறயா!

டீச்சர்: எழுத்தாளர் உடம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற வாசகரை நான் பார்த்ததே இல்லை சார். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், அறிமுகப்படுத்துகிறேன்.

கணேசன்: அறிமுகமெல்லாம் எதற்கு? எழுத்தாளர் போய் அறுபது வருஷம் ஆனால் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாமாம், பையன் சொன்னான். இவர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்று தெரிந்தால் நானும் ஒரு கணக்குப் போடுவேன்.

(மதுரையில் ஒரு குடியிருப்பின் வாசலில் நடக்கிற பேச்சு இது. ஆனால் எந்த ஊரிலும் நடக்கும். பிடித்த புத்தகம் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். என்ன கதை, யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். "பிடிஎஃப் இருக்கா?" அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அழைத்தால் "பார்சல் உண்டா" என்று கேட்கிற மாதிரி.)

டீச்சர்: புத்தகம் 350 ரூபாய்தான் சார்.

கணேசன்: முந்நூற்று ஐம்பதா! வெறும் கதைக்கா?

டீச்சர்: அதில் பெரும்பாலும் பத்து சதவீதம்தான் எழுதியவருக்கு. 35 ரூபாய். அதையும் கொடுக்காமல் தப்பிக்க, அவர் செத்து அறுபது வருஷம் நீங்கள் காத்திருக்கப் போகிறீர்களா?

கணேசன்: வாசிப்பில் எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். பிடிஎஃப் படிப்பதற்கென்றே 28,000 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கியிருக்கிறேன்.

டீச்சர்: எண்பது புத்தகம்.

கணேசன்: எண்பது என்ன, நாலாயிரம் இருக்கிறது உள்ளே!

டீச்சர்: சரி, நாலாயிரத்தில் உங்களுக்குப் பிடித்தது எது?

கணேசன்: சந்தேகமென்ன, பொன்னியின் செல்வன். ஐந்து பாகமும் இருக்கிறது.

டீச்சர்: இருக்கிறது சரி. படித்தீர்களா?

கணேசன்: படித்துக்கொண்டே இருக்கிறேன். வந்தியத்தேவன் குதிரையில் ஏரிக்கரை ஓரமாக வருகிறான்...

டீச்சர்: வீரநாராயண ஏரி. முதல் அத்தியாயம். அதைத்தான் போன பொங்கலுக்கும் சொன்னீர்கள். கடம்பூர் மாளிகையில் சதி பேசி முடித்து எல்லாரும் தூங்கியே போயிருப்பார்கள். குதிரைக்காவது தண்ணீர் காட்டுங்கள் சார்.

கணேசன்: கல்கி ரொம்ப நல்ல மனுஷர் டீச்சர். 1954-லேயே போய்விட்டார். அரசாங்கம் அவர் எழுத்தை நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது, யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு சிக்கலும் இல்லை. அவரை மாதிரி வேறு யாராவது சொல்லுங்களேன்.

டீச்சர்: அவரை மாதிரி எழுதுகிறவரா, போனவரா?

கணேசன்: இரண்டும் சேர்ந்து இருந்தால் நல்லது.

டீச்சர்: தி. ஜானகிராமன் படியுங்கள். மோகமுள்.

கணேசன்: அவர் இருக்கிறாரா?

டீச்சர்: இல்லை.

கணேசன்: அப்பாடா! எப்போது?

டீச்சர்: 1982.

கணேசன்: அறுபதைக் கூட்டினால் 2042. அந்த வருஷ ஆரம்பத்தில் கிடைத்துவிடுமா?

டீச்சர்: அந்த வருஷக் கடைசி வரை உரிமை இருக்கும். 2043 ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் டேப்லெட்டோடு தயாராக உட்காருங்கள்.

கணேசன்: எண்பது தாண்டிவிடுமே எனக்கு... சரி, அசோகமித்திரன்? இருக்கிறாரா?

டீச்சர்: 2017-இல் காலமானார்.

கணேசன்: கொஞ்சம் முன்னாடியே... வேண்டாம், விடுங்கள். வேறு?

டீச்சர்: புதுமைப்பித்தன்.

கணேசன்: இருக்கிறாரா?

டீச்சர்: 1948-இல் போய்விட்டார். 2002-இல் நாட்டுடைமையும் ஆகிவிட்டது.

கணேசன்: ஆகா! இவரல்லவா எழுத்தாளர்! எத்தனை வயதில் போனார்?

டீச்சர்: நாற்பத்திரண்டு.

கணேசன்: நம் சௌகரியத்துக்காகவே சீக்கிரம்...

டீச்சர்: காசநோய் சார். கையில் காசில்லாமல் போனார். இருந்தபோது அவர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காமல், இன்றைக்குச் சிலை வைக்கலாமா என்று கேட்கிற கூட்டத்தில்தான் நாமும் இருக்கிறோம். நீங்கள் சிலைக்கும் பிடிஎஃப் கேட்பீர்கள்.

கணேசன்: கோபப்படாதீர்கள். காசு கொடுக்காமல், தப்பும் செய்யாமல், உயிரோடு இருக்கிற எழுத்தாளரைப் படிக்க ஒரு வழி உண்டா? இருந்தால் சொல்லுங்கள், இப்போதே கிளம்புகிறேன்.

டீச்சர்: தெருமுனையில் கிளை நூலகம்.

கணேசன்: எந்தத் தெருமுனை?

டீச்சர்: தினமும் ஸ்கூட்டரை நிறுத்துகிறீர்களே, அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால்.

கணேசன்: அது ரேஷன் கடை இல்லையா? எப்போது பார்த்தாலும் பூட்டியே இருக்கும்.

டீச்சர்: வெள்ளிக்கிழமை விடுமுறை. நீங்கள் அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது மட்டும் அந்தக் கதவைப் பார்க்கிறீர்கள். மற்ற நாளில் உங்கள் ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் உள்ளே போகிறோம்.

கணேசன்: உள்ளே போக எவ்வளவு?

டீச்சர்: ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினராகச் சேர வேண்டும். கொஞ்சம் வைப்புத் தொகை, அது திரும்ப வந்துவிடும். சின்னதாக ஓர் ஆண்டுச் சந்தா. மற்றதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கட்டியாயிற்று.

கணேசன்: நானா? எப்போது?

டீச்சர்: சொத்து வரி கட்டுகிறீர்கள் அல்லவா? அதற்கு மேல் நூலக வரி பத்து சதவீதம். 1948-இல் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள். ஆரம்பத்தில் சதவீதம் குறைவு, அவ்வளவுதான்.

கணேசன்: என்னது! ஆயிரம் ரூபாய் வரிக்கு நூறு ரூபாயா?

டீச்சர்: ஆமாம்.

கணேசன்: வீடு வாங்கியதிலிருந்தா? நான் படிக்காத புத்தகத்துக்கு நானே காசு கொடுத்திருக்கிறேனா? பகல் கொள்ளை டீச்சர்! திருப்பிக் கேட்க வழியில்லையா? மாநகராட்சியில் ஒரு மனு கொடுத்தால்?

டீச்சர்: கதவைத் திறந்து உள்ளே போய் ஒரு புத்தகம் எடுத்தால் தீர்ந்தது.

கணேசன்: அது வேறு, இது வேறு. இதைச் சும்மா விடப்போவதில்லை. வரி ரசீது அத்தனையும் இருக்கிறது. வருஷ வாரியாக அடுக்கி, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஒன்றுகூடக் கிழியவில்லை.

டீச்சர்: அதையாவது படித்தீர்களா சார்?