லூமனை விடுங்கள், செல்லைக் கழற்றிப் பாருங்கள்

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் எட்டிப் பார்த்ததும் எங்கள் தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்குக் கூடாரம் தூக்கும் ஆசை வந்துவிடுகிறது. நாகலாபுரம், பழவேற்காடு, கொஞ்சம் காசு சேர்ந்தால் ஜவ்வாது மலை. கூடாரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள், படுக்கையை நண்பனிடம் இரவல் வாங்குகிறார்கள். டார்ச் லைட்டை மட்டும் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். ஏமாறுவதும் அங்கேதான். "ஒரு கிலோமீட்டர் அடிக்கும், ராணுவத் தரம், 10 லட்சம் லூமன், விலை 799 ரூபாய்." இப்படி ஒரு விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டி, "மாமா, இதை வாங்கட்டுமா?" என்று அக்கா மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். குறைந்த காசில் தூரம் அடிக்கும், அடிபட்டாலும் தாங்கும் டார்ச் நிச்சயம் கிடைக்கும். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்த எண்ணை நம்பினால் கிடைக்காது. அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் செல் (பேட்டரி), முன்னால் இருக்கும் தலையின் அகலம், போகப் போகிற இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கார்களில் பல காலமாக இருக்கும் ஹெச்4 ஹாலஜன் பல்பு தாழ் வெளிச்சத்தில் தருவதே சுமார் 1000 லூமன்தான். அப்படியிருக்க, உள்ளங்கையில் அடங்கும் டார்ச் 10 லட்சம் தருமாம். சரி, அதில் பத்தில் ஒரு பங்கு, ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறு லூமனுக்குச் சற்று மேலே தரும். ஒரு லட்சம் லூமனுக்கு ஏறக்குறைய 1000 வாட் வேண்டும், அதாவது வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். டார்ச்சுக்குள் இருக்கும் ஒற்றை லித்தியம் செல்லின் கொள்ளளவு 12 வாட்-மணி அளவில்தான் இருக்கும், அதாவது 12 வாட்டை ஒரு மணி நேரம் தரும். அது 1000 வாட்டை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கணக்குப் பிடிக்காதவர்கள் இஸ்திரிப் பெட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தூரத்தைத் தீர்மானிப்பது காண்டெலா. ஒரே திசையில் வெளிச்சம் எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பதன் அளவு அது. இதற்கென்று ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலை 2009 முதல் இருக்கிறது. ஒழுங்கான தயாரிப்பாளர்கள் அதன்படி அளந்து பெட்டியில் போடுகிறார்கள். கணக்கு எளிது. காண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 10,000 காண்டெலாவுக்கு 200 மீட்டர், 90,000 காண்டெலாவுக்கு 600 மீட்டர். ஒரு கிலோமீட்டர் வேண்டுமானால் இரண்டரை லட்சம். தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் காண்டெலா நான்கு மடங்காக வேண்டும். சும்மா வராது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தத் தரநிலை சொல்லும் தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். பௌர்ணமியில் எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அதுவும் பக்கத்தில் நின்றால். அறுநூறு மீட்டருக்கு அப்பால் என்ன தெரியும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே பெட்டியில் போட்ட தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பாதித் தூரத்தில் வெளிச்சம் ஒரு லக்ஸ் இருக்கும், அது கண்ணுக்கு உதவும். 40 அடிக் கண்டெய்னர்கள் 16ஐ ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் கிட்டத்தட்ட 200 மீட்டர். அந்த வரிசையின் கடைசிக் கதவு தெளிவாகத் தெரிய வேண்டுமானால், நேர்மையாக 400 மீட்டர் என்று போட்ட டார்ச் தேவை.

கண்டெய்னர் உதாரணம் ஏன் வந்தது என்றால், என் பிழைப்பு மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் இரவுப் பணி. டார்ச் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. அங்கே கற்றுக்கொண்ட ஒன்று கூடாரம் போடுகிறவர்களுக்கும் உதவும். கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். தூரத்திலிருந்து அதைப் படிக்கக் குவிந்த வெளிச்சம் அருமை. ஆனால் பக்கத்தில் போய்க் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிய சீலின் எண்ணைப் படிக்க அதே டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பெயிண்ட் மீது பட்டு எகிறி, கண் கூசி, எண் கரைந்துபோகும். வெளிச்சத்தைக் குறைத்து, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் உலோகத்தில் பதித்த எண்ணின் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். காட்டிலும் இதே கதைதான். நாகலாபுரம் மாதிரி பாறையும் ஓடையும் மரமும் நெருங்கிய பள்ளத்தாக்கில் தூரம் அடிக்கும் டார்ச் முதல் கிளையைத் தாண்டாது. பக்கத்து இலை பளீரென்று எரியும், அதற்கு அப்பால் இருட்டு இன்னும் கெட்டியாகும். அங்கே வேண்டியது அகலமாகப் பரவும் சாந்தமான வெளிச்சம், முடிந்தால் தலையில் மாட்டும் விளக்கு. பழவேற்காடு ஏரிக்கரை போல வெட்டவெளியாக இருக்கும் இடத்தில்தான் தூரத்துக்கு மதிப்பு.

இனி டார்ச்சின் உடம்புக்கு வருவோம். சென்ற மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எல்லாக் கடையிலும் அந்தச் சரக்கு தொங்குகிறது. விளம்பரத்தில் பார்த்த அதே டார்ச்சைக் கேட்டு வாங்கி, பின்மூடியைத் திருகினேன். மரை காய்ந்து கரகரவென்றது. தண்ணீரைத் தடுக்க வேண்டிய ரப்பர் வளையம் சுருங்கிப்போய் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே நீலத் தாள் சுற்றிய 18650 செல், அதன் மேல் 9900 எம்.ஏ.ஹெச். என்று எழுத்து. செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு அது. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்பில் பெரிய நிறுவனங்களே பெரும்பாலும் 3600 எம்.ஏ.ஹெச். வரைதான் அடைக்கின்றன. நல்ல செல் 45 கிராமுக்கு மேல் கனக்கும், இதுவோ கையில் வைத்ததே தெரியவில்லை. "இதில் எப்படி 9900?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "சார், எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. வருடா வருடம் எண்ணை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள்" என்றார். அவர் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, டார்ச் பிடிக்கவில்லை.

மலிவான செல்லின் ஆபத்து வெளிச்சம் குறைவது மட்டுமல்ல. பழைய மடிக்கணினி பேட்டரியிலிருந்து உருவிய செல்லுக்குப் புதுத் தாள் சுற்றி விற்பதும் நடக்கிறது. லித்தியம் செல் அளவுக்கு மீறிச் சூடேறினால் தீப்பிடிக்கலாம். அதைச் சாவிக்கொத்தோடு பைக்குள் போட்டு, இரு முனையும் உலோகத்தில் உரசினால் பையோடு போய்விடும். கையில் 2500 ரூபாய் இருந்தால் அதில் 500 ரூபாயாவது பெயர் தெரிந்த, பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லுக்கு ஒதுக்குங்கள் என்பேன். டார்ச்சோடு இலவசமாக வரும் செல்லை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

அடுத்தது தலை. குவிந்த வெளிச்சத்துக்குச் சின்ன எல்.இ.டி., அகலமான, ஆழமான, கண்ணாடி போல் வழவழப்பான ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முன்னால் திருப்பும் கிண்ணம்) ஆகிய இரண்டும் சேர வேண்டும். பெரிய எல்.இ.டி.யைச் சின்னத் தலைக்குள் வைத்தால் வெளிச்சம் பரவுமே தவிரப் பாயாது. எக்ஸ்.ஹெச்.பி. 160, 360 என்றெல்லாம் பெட்டியில் போட்டிருப்பார்கள். எக்ஸ்.ஹெச்.பி. என்பது எல்.இ.டி. செய்யும் க்ரீ நிறுவனத்தின் வரிசைப் பெயர், அவர்கள் அப்படி ஓர் எண்ணில் எதையும் செய்ததில்லை. தலையை முன்னும் பின்னும் இழுத்துக் குவிக்கும் ஜூம் டார்ச்சுகள் எனக்குப் பிடிப்பதே இல்லை. குவித்தால் சுவரில் சதுரமாக எல்.இ.டி.யின் உருவமே விழும். பாதி வெளிச்சம் உள்ளேயே வீணாகும். நகரும் பாகத்தின் வழியாகத் தண்ணீரும் மணலும் புகும். கடற்கரை மணல் ஒரு தடவை புகுந்தால் அப்புறம் அது நகராது.

பெயர் கேட்பவர்களுக்கு: சி8 என்று ஒரு வடிவம் உண்டு, சீனத்துக் கம்பெனிகள் பல அதைச் செய்கின்றன. ஒற்றை 18650 செல், நாலரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் தலை. கான்வாய், சோஃபிர்ன் ஆகியவற்றின் சி8 வகைகளுக்கு டார்ச் பைத்தியங்களிடையே நல்ல பெயர். குறைந்த காசில் தூரம் என்றால் என் தேர்வு இந்த வடிவம்தான். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் 21700 செல் போடும் வகை. செல் பெரியது, 5000 எம்.ஏ.ஹெச். அளவுக்கு உண்மையாகவே கிடைக்கும். அலிஎக்ஸ்பிரஸ் 2020இல் இங்கே தடைசெய்யப்பட்ட பிறகு இவற்றை நேரடியாகத் தருவிப்பது சிரமமாகிவிட்டது. இங்குள்ள விற்பனையாளர்களிடம்தான் தேட வேண்டும், விலையும் சற்றுக் கூடும்.

உறுதி பற்றிச் சுருக்கமாக. அலுமினிய உடம்பு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்ற குறிப்பு, தண்ணீரைத் தாங்கும் தரமான ஐ.பி.எக்ஸ். 7 அல்லது 8. ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம். நான்கு என்றால் சாரலுக்கு மட்டும். "ராணுவத் தரம்" என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. நம் ஊர் உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். கடற்கரைக்குப் போய் வந்தால் மூடியை இறுக்கி நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு, ரப்பர் வளையத்தில் துளி சிலிகான் கிரீஸ் தடவுங்கள்.

"8 மணி நேரம் எரியும்" என்பதிலும் வித்தை இருக்கிறது. முன்பு சொன்ன எஃப்.எல்.1 தரநிலைப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிந்த நேரமாகவே கணக்கு. உச்ச வெளிச்சம் சில நிமிடங்கள் மட்டுமே நிற்கும், பிறகு உடம்பு சுடாமல் இருக்கத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, நல்ல டார்ச்சின் லட்சணம். ஆகவே நடு நிலையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரவில் பெரும்பாலும் நாம் வைத்திருப்பது அந்த நிலையில்தான். மிகக் குறைந்த நிலை ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் செருப்புத் தேட 10 லூமன் தாராளம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் 1000 லூமனைத் தட்டிவிட்டால் அத்தனை பேருக்கும் அது பாழ்.

தூரம் அடிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கரைகளில் பங்குனி ஆமை முட்டையிட வரும். கரையில் வெளிச்சம் கண்டால் தாய் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி ஊர்ந்து சாகும். அந்த மாதங்களில் மணலில் பெரிய டார்ச்சை அடிக்காதீர்கள். கடல் பக்கமும் மினுக்காதீர்கள். படகில் இருப்பவர் யாரோ உதவி கேட்கிறார்கள் என்று நினைப்பார். காட்டுக்குள் வெளிச்சத்தை விலங்குகளின் கண்ணில் அடித்து விளையாடுவதும் வேண்டாம். இரவு வேட்டைக்காரர்கள் செய்வது அதுதான், வனக்காவலர்கள் உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

வாங்கிய டார்ச் வருடத்துக்கு ஒரு முறை கூடாரத்துக்குப் போகும், மீதி நாளெல்லாம் வீட்டில் கிடக்கும் என்பதையும் யோசியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவும், சமைக்கலாம். தட்டையான வாலுடன் நிமிர்ந்து நிற்கும் டார்ச்சா என்று கடையிலேயே மேசை மேல் நிறுத்திப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால், பெட்டி வந்த அன்றே செல்லை எடை போடுங்கள். நடு நிலையில் ஒரு மணி நேரம் எரிய விடுங்கள். ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி, துடைத்துவிட்டுக் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டைப்-சி துளை இருந்தால் இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறுகிறதா என்றும் சோதியுங்கள். மலிவு டார்ச்சுகள் பல பழைய யு.எஸ்.பி. முனை உள்ள கேபிளில் மட்டுமே ஏறும். இதையெல்லாம் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.