பத்தடி ஒழுங்கையும் ரி-55 டாங்கியும்

போரில் இலங்கை இராணுவம் பாவித்த சோவியத் ரக ரி-55 டாங்கியைத் தம்பி மரத்திலும் தகரத்திலும் சிறிய மாதிரியுருவாகச் செய்து எங்கள் மண்டபத்துக் கண்காட்சியில் வைத்தான். அதை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னவர்களிடம் எனக்கு ஒரேயொரு கேள்விதான் இருக்கிறது. அதில் எந்த இடம் பிழை? சில்லின் விட்டமா, பீரங்கிக் குழலின் நீளமா, செயினின் அகலமா? அன்று மண்டபத்தில் நின்ற எவரும் அதைச் சொல்லவில்லை. "இது போரைப் போற்றுகிற மாதிரி இருக்கிறது, சின்னப்பிள்ளைகள் வந்துபோகிற இடம்" என்று மட்டும் சொன்னார்கள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் ஒரு சாரத்தால் மூடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அதன்பிறகு இங்கே யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்பதை நீங்கள் எல்லோரும் வாசித்திருப்பீர்கள்.

ஒரு பொருளைச் சரியாகச் செய்வது வேறு, அதைப் போற்றுவது வேறு. இதை நான் இந்தப் பதிவில் எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

அந்த மாதிரியுருவின் சில்லுகள் என் பட்டறை லேத்தில்தான் கடையப்பட்டன என்பதால் எனக்கு இதில் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ரி-55 இன் சில்லு 810 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. உண்மையானதை 35இல் ஒன்றாகச் சுருக்கிய அவன் அளவில் அது 23 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக வரும். பக்கத்துக்கு ஐந்து சில்லுகள், ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. முதலாவது சில்லுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் இடைவெளி கூட இருக்கும், மற்றவை நெருங்கி நிற்கும். செயினை மேலே தாங்குவதற்குச் சிறிய உருளைகள் கிடையாது, ஆகவே மேல்செயின் தொய்ந்து சில்லுகளின் முதுகில் படுத்திருக்கும். ஒரு பக்கச் செயினில் 90 கண்ணிகள், ஒவ்வொன்றும் 580 மில்லிமீற்றர் அகலம். அந்தக் கண்ணிகள் அத்தனையையும் அவன் மீன் ரின் தகரத்தில் வெட்டி, கம்பி கோத்து, அரத்தால் ஓரம் தேய்த்துச் செய்தான். பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்த உண்மையான கண்ணியை வேர்ணியர் அளவுகோலால் அளந்துவிட்டு வந்துதான் முதல் துண்டையே வெட்டினான். குழலைத் தாங்கிச் சுழலும் தலைப்பகுதி முள்முருக்கு மரத்தில் செதுக்கியது. பார்வைக்கு ரி-55 போலவே இருக்கும் சீனாவின் ரைப் 59 டாங்கியில் தலைப்பகுதியின் மேல் காற்றுப்போக்கிக்காக ஒரு சிறு குமிழ் இருக்கும், ரி-55 இல் அது இராது. அந்தக் குமிழை வைக்காமல் விட்டதே அவன் எவ்வளவு படித்துவிட்டுச் செய்தான் என்பதற்குப் போதுமான சாட்சி.

அதே மண்டபத்தின் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. அதிலும் ஒரு டாங்கி இருந்தது. எத்தனை சில்லுகள் என்று வரைந்தவருக்கே தெரிந்திருக்காது, எல்லாம் ஒரே இடைவெளியில் நின்றன, குழல் தலைப்பகுதியின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தது. அது கடைசி நாள் வரை தொங்கியது. அதற்கு முன்னால் நின்று படமும் எடுத்தார்கள். பிழையான டாங்கி பிள்ளைகளின் கண்ணுக்கு ஆகுமாம், சரியான டாங்கி ஆகாதாம். எனக்கு நெஞ்சில் நின்றது இதுதான்.

சரியான அளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஒழுங்கையின் கதையைச் சொல்கிறேன். போர் முடிந்து 2010இல் நாங்கள் மீள்குடியேற வந்தபோது ஒழுங்கையின் இரண்டு பக்க வேலியும் இருக்கவில்லை. வேலிக்கு நட்ட கிளுவங்கதியால்கள் எல்லாம் வளவுப்பக்கமாகச் சரிந்து, சில முறிந்து, சில அந்தக் கிடையிலேயே தளிர்த்து நின்றன. என் தகப்பனார் எதிர்வளவுக்காரர் ஒழுங்கையைக் குறுக்கி அடைத்துவிட்டார் என்று நினைத்தார், அவர் எங்களை நினைத்தார். வேலிச்சண்டை எங்கள் ஊர்களுக்குப் புதிதில்லை என்றாலும் அத்தனையையும் இழந்துவிட்டு வந்த இரண்டு கிழவர்கள் ஒரு சாண் நிலத்துக்காகக் கதைபேச்சு இல்லாமல் இருந்ததைப் பார்க்க மனம் பொறுக்காது. தம்பி டாங்கிக்குக் கீழே தளமாகச் செய்தது அந்த ஒழுங்கையைத்தான். பத்தடி ஒழுங்கை என்றால் 3.05 மீற்றர், அவன் அளவில் 87 மில்லிமீற்றர். ரி-55 இன் அகலம் 3.27 மீற்றர், அவன் அளவில் 93 மில்லிமீற்றர். டாங்கியைக் கொண்டுவந்து ஒழுங்கையில் வைத்தால் இரண்டு பக்கமும் மும்மூன்று மில்லிமீற்றர் வேலிக்கு மேலே ஏறி நிற்கிறது. எதிர்வளவு ஐயா தானே அடிமட்டத்தை வாங்கி வைத்துப் பார்த்தார். "அப்ப இதுதான் ரெண்டு பக்கத்தையும் கொண்டுபோயிருக்கு" என்றார். கதியால் ஏன் வளவுப்பக்கமாகச் சரிந்தது என்பதை எங்களுக்கு விளங்கப்படுத்தியது அந்த ஆறு மில்லிமீற்றர். அளவைக் கூட்டியோ குறைத்தோ செய்திருந்தால் அது சொல்லியிருக்காது.

"வீட்டளவு டாங்கி" என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ரி-55 இன் உயரம் ஏறத்தாழ 2.4 மீற்றர்தான். ஓலைவீட்டின் முகட்டைவிடப் பதிந்தது, அதனால்தான் பற்றைக்கும் அணைக்கட்டுக்கும் பின்னால் நின்றால் கண்ணுக்குத் தெரியவில்லை. 36 தொன் எடையும் 580 குதிரைவலு டீசல் எஞ்சினும் உள்ள பொருள் அவ்வளவு பதிவாக வரக்கூடும் என்பது தெரிந்தால்தான் பங்கருக்குள் இருந்த சனம் ஏன் கண்ணை நம்பாமல் காதை நம்பியது என்பது விளங்கும். நானும் அப்படிக் காதை வைத்துத் தூரம் கணித்தவன். தம்பி அப்போது கைக்குழந்தை. அவனுக்கு எதுவுமே நினைவில் இல்லை. நினைவில் இல்லாதவன் சரியாகத் தெரிந்துகொள்ள முயல்வதைத்தான் நாங்கள் போற்றுதல் என்று பெயர் சூட்டி மேசையிலிருந்து இறக்கியிருக்கிறோம்.

ஹிட்லரின் படையினுடைய டைகர் டாங்கி ஒன்று 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரித்தானியரிடம் அகப்பட்டது. இங்கிலாந்தின் பொவிங்ரன் அருங்காட்சியகத்தில் அதை எஞ்சின் இயங்கும் நிலையிலேயே வைத்துப் பேணுகிறார்கள். எத்தனையோ பேர் அதன் ஒவ்வோர் ஆணியையும் பார்த்து மாதிரியுரு செய்கிறார்கள். அவர்கள் நாசிகளைப் போற்றுகிறார்கள் என்று எவரும் சொல்வதில்லை. அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும், 1991 ஜூலையில் ஆனையிறவு முகாம் மீதான தாக்குதலில் புலிகள் கொண்டுவந்த கவசம் பூட்டிய புல்டோசர் ஏ-9 வீதியோரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிப்பிள்ளைகளின் பேருந்துகள் அங்கே நிற்கின்றன. அங்கே இறங்கும் பிள்ளைகளுக்கு வராத கெடுதி, எங்கள் மண்டபத்தில் ஓரடி நீளம்கூட இல்லாத மரமும் தகரமும் பார்ப்பதால் வந்துவிடுமா?

"எதிரியின் டாங்கியை ஏன் செய்தாய்" என்று வெளிநாட்டிலிருந்து எழுதிய அண்ணைக்கும் ஒரு சொல். 1993 நவம்பரில் பூநகரியில் புலிகள் கைப்பற்றியதும் இதே ரி-55 ரகம்தான். இரும்புக்குப் பக்கம் கிடையாது. அதற்குமேல் உங்களோடு எனக்கு வாதமில்லை.

வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற வேலை என்று எழுதியவருக்கு, அவன் பகலில் என் பட்டறையில் வெல்டிங் செய்கிறான். விசாரணை வரும், சோலி வரும் என்று பயந்து சொன்னவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது, அதை நான் குறையாக எடுக்கவில்லை. ஆனால் பயம் என்றால் பயம் என்று அவனிடம் நேரே சொல்லியிருக்கலாம். பிள்ளைகளின் மேல் பழியைப் போட்டிருக்கத் தேவையில்லை.

தாய்மார் பார்த்தால் நோவார்கள் என்று சொன்னார்களே, அந்தச் சொல்லுக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். நோகும்தான். வேறு அறையில் வைக்கலாம், வாசலில் எழுதி வைக்கலாம், நாங்களே அதைச் சொன்னோம். ஆனால் எந்தத் தாயிடம் கேட்டுவிட்டு இதைச் சொன்னீர்கள்? என் தாயார் பட்டறைக்கு வந்து அந்த டாங்கியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். தொடவில்லை. பிறகு, "தம்பி, முன்பக்கத்து மட்கார்ட் இப்பிடி நேரா இருக்கேல்லையடா. நான் கண்டதில இடப்பக்கத்து மேல்நோக்கி மடிஞ்சு கிடந்தது, கீழ ஓலை செருகியிருந்தது" என்றார். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தகரத்தைக் குறட்டால் பிடித்து அவர் சொன்ன அளவுக்கு மடித்தான். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் மடித்தான். இத்தனை வருடங்களில் அந்த நாட்களைப் பற்றி அவர் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. எத்தனையோ பேர் வந்து படிவம் நிரப்பினார்கள், யாரை இழந்தீர்கள், எத்தனை பேர் என்று கேட்டார்கள். நீங்கள் கண்டது எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டது அந்த மாதிரியுரு மட்டும்தான். சரியாக இருந்தபடியால்தான் அவரால் அதில் ஒரு பிழையைக் காட்ட முடிந்தது. சுவரில் தொங்கிய அந்தப் படத்தில் அவர் எதைத்தான் திருத்தியிருப்பார்?

டாங்கி இப்போது என் பட்டறையில், லேத்துக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம், அடிமட்டத்தோடு வந்தால் இன்னும் நல்லது. பின்பக்கத்து இரண்டு எரிபொருள் பீப்பாக்களும் எங்கள் பக்கம் வந்தவற்றில் பூட்டியிருந்தனவா, கழற்றியிருந்தார்களா என்று கண்டவர்கள் சொன்னால் அவன் அதையும் சரிசெய்வான். அடுத்ததாக அதே அளவில், சனம் சாமான் ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரத்தையும் அதன் பின்னால் இழுக்கும் பெட்டியையும் செய்யத் தொடங்கியிருக்கிறான். மசி பேர்கசன் 135 உழவு இயந்திரத்தின் அளவுகள் கிடைத்துவிட்டன. பெட்டியின் பக்கப்பலகை உயரமும், தறப்பாள் கட்டுவதற்கு நட்ட கம்புகள் எந்தெந்த இடத்தில் நின்றன என்பதும்தான் ஆளுக்கு ஆள் வேறாக வருகிறது. 2009க்கு முந்திய பெட்டி எவரிடமாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து அளந்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள்.