முழங்கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்: சாஃப்ட்பால் பிட்சிங்கும் 'யார் பெரிய பிட்சர்' சண்டையும்

சாஃப்ட்பால் பேஸ்பாலின் தங்கை. பந்தைத் தோளுக்கு மேலிருந்து வீசாமல் தொடையோரம் கீழிருந்து வீசுவார்கள், வீசுகிறவர் பிட்சர். பெண்கள் சாஃப்ட்பாலில் யார் பெரிய பிட்சர் என்று கேட்டால் பெரும்பாலோர், பந்தின் வேகம் அளக்கும் ராடார் கன் காட்டும் எண்ணைத்தான் நீட்டுகிறார்கள். மோனிகா அபட் 2012இல் வீசியது மணிக்கு 77 மைல், நம் கணக்கில் 124 கி.மீ. கார்லின் பிக்கன்ஸ் 2025இல் 79.4 மைல், கிட்டத்தட்ட 128 கி.மீ. எண் பெரிசு, அதனால் ஆளும் பெரிசு என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு காலத்துப் பிட்சரின் வீடியோவையும் மெதுவாக ஓட்டி, கை 9 மணியிலிருந்து 6 மணிக்கு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். யாரை யாரோடு ஒப்பிடலாம் என்பது அதில் தெரிந்துவிடும். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பல பள்ளி மைதானங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு தப்பு என்பதும் கூடவே தெரியும்.

மணி என்றது கடிகார முள்ளை. வலது கைப் பிட்சரை மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது அவருக்கு வலப்புறம் நின்று பாருங்கள். கை கேட்சரை (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) நோக்கி நீண்டிருந்தால் 3 மணி, தலைக்கு மேலே 12, செகண்ட் பேஸை நோக்கிப் பின்னால் போனால் 9, தொடையோரம் பந்து விடுபடும் இடம் 6. விண்ட்மில் என்பது இந்த முழு வட்டம். இதில் முக்கால் வட்டம் தாளத்துக்கும் வேகம் சேர்க்கவும்தான். பந்தின் விதி முடிவாவது கடைசிக் கால் வட்டத்தில்.

அந்தக் கால் வட்டத்தில் நம் ஊரில் என்ன நடக்கிறது? 12 மணியில் உள்ளங்கையை செகண்ட் பேஸ் பக்கம் திருப்பு, 9 மணியில் பந்தைக் கீழ்நோக்கிப் பிடி, அப்படியே தள்ளிக் கொண்டுவா, மணிக்கட்டை மடக்கு, முடிவில் முழங்கையைத் தூக்கிக் கேட்சருக்குக் காட்டு. இதற்கு வெளிநாட்டில் 'ஹலோ எல்போ' என்று கேலிப்பெயரே உண்டு. அங்கும் பல வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், முகாம் நடத்தி இதைச் செய்துகாட்டிய பெரிய பிட்சர்களே ஆட்டத்தில் இப்படி வீசுவதில்லை. உடம்பு ஒன்றைச் செய்கிறது, வாய் இன்னொன்றைச் சொல்கிறது. பார்ப்பதற்கு ஸ்லோ மோஷன் வீடியோ இருக்கும்போது வாய்ச்சொல்லை எதற்கு நம்ப வேண்டும்?

வீடியோவில் தெரிவது இதுதான். 9 மணியில் உள்ளங்கை வானம் பார்க்கிறது, அல்லது மூன்றாம் பேஸைப் பார்க்கிறது. முழங்கை லேசாக மடங்கியிருக்கிறது. அங்கிருந்து முதலில் இறங்குவது முழங்கை. பந்து பின்தங்கி வருகிறது. மேற்கை, அதாவது தோளிலிருந்து முழங்கை வரையுள்ள பகுதி, விலாவோடு ஒட்டிக்கொண்டு சட்டென்று வேகம் குறைகிறது. முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் உள்பக்கம் இடுப்பெலும்புப் பக்கம் லேசாக உரசுகிறது. அந்த நொடியில் முன்கை உள்நோக்கிச் சுழன்று பந்தை வெளியே விடுகிறது. துவைத்த துணியைக் கொடியில் போடுமுன் உதறுகிறோமே, கை நின்றதும் துணியின் நுனி படாரென்று அடிக்கும், அதே கணக்கு. மேற்கை தடைபடுவதால் அதிலிருந்த வேகமெல்லாம் முன்கைக்கும் விரலுக்கும் போய்ச் சேர்கிறது. முழங்கையைத் தூக்கி முடிக்கிற பிள்ளையிடம் இந்தத் தடையே இல்லை. கை மொத்தமும் ஒரே கட்டையாக வருகிறது, வேகம் தோள் பலத்தோடு நின்றுவிடுகிறது.

கிரிக்கெட்டிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் த்ரோ. அதனால் கையை விறைப்பாக வைத்துப் பழகியிருப்பார்கள். சாஃப்ட்பாலில் அப்படி ஒரு விதியே கிடையாது. இங்கே விறைப்பான முழங்கைதான் எதிரி. 'கையை நீட்டி வீசு' என்று பி.டி. சார் கத்தினால், நல்ல கிரிக்கெட் வாசனையோடு வந்த பிள்ளை சாஃப்ட்பால் பிட்சர் ஆகாமலே போய்விடும்.

இடுப்பு அடுத்தது. பந்து விடுபடும்போது இடுப்பு பாதி திறந்திருக்க வேண்டும், தோராயமாக 45 டிகிரி. 'கதவைச் சாத்து' என்று இடுப்பை முன்கூட்டியே முழுக்கத் திருப்பச் சொல்கிறார்கள். திருப்பினால் கை வரும் வழியில் இடுப்பு குறுக்கே நிற்கும். முழங்கை அதில் இடித்துக் கன்றிப்போகும், அல்லது இடிபடாமலிருக்கக் கை சுற்றிக்கொண்டு போகும். பந்து உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் போகிற பிள்ளையைக் கண்டால் முதலில் இடுப்பைப் பாருங்கள். உயரம் தப்பினால் அது பெரும்பாலும் பந்து விடும் நேரத்தின் கோளாறு. சீக்கிரம் விட்டால் தாழும், தாமதித்தால் ஏறும். இரண்டையும் குழப்பி 'கவனமா போடு' என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முன்கால், கை 9 மணிக்கு வரும் நேரத்தில் தரையில் ஊன்ற வேண்டும். பாதம் கேட்சருக்கு நேராக இல்லாமல் 30 முதல் 45 டிகிரி சாய்ந்திருக்கட்டும். நேராக ஊன்றினால் இடுப்பு தானே சாத்திக்கொள்ளும். முழுக்கப் பக்கவாட்டில் ஊன்றினால் முட்டி பாதிக்கும். ஊன்றிய கால் உறுதியாக எதிர்த்து நிற்க வேண்டும், தலை அந்த முட்டியைத் தாண்டிப் போகக் கூடாது. குனிந்துகொண்டே பந்து விடுகிற பிள்ளையிடம் அந்த எதிர்ப்பு இல்லை, பாய்ந்துவந்த வேகம் வீணாகிறது. பின்கால் தரையில் இழுபட்டு வர வேண்டும் என்ற கண்டிப்பைப் பல அமைப்புகள் அண்மையில் தளர்த்திவிட்டன, காலைத் தூக்கிப் பாயலாம். ஆனால் தள்ளிய காலை இன்னோரிடத்தில் மறுபடி ஊன்றி அங்கிருந்து தள்ளினால் இன்றைக்கும் அது குரோ ஹாப், சட்டவிரோதம்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. சுருட்டிய காலுறையைக் கையில் கொடுத்துச் சுவரில் முழு வேகத்தில் வீசச் சொல்லுங்கள். பந்து எங்கே போகும் என்ற பயம் இல்லாதபோது கை தானாகச் சரியான வழியில் வரும். பிறகு வலைக்கு 3, 4 மீட்டரில் நின்று, கையை 9 மணியில், உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, அங்கிருந்து மட்டும் 15, 20 பந்து. உரசல் உணரப்படுகிறதா என்று ஒவ்வொரு பந்துக்கும் கேளுங்கள். அது பிடிபட்ட பின் 12 மணியிலிருந்து, அப்புறம்தான் முழு வட்டம். பழைய பந்தின் நடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் சுழற்சி கண்ணுக்குத் தெரியும். அந்தப் பட்டை நேராக நின்று ஓடுகிறதா, தள்ளாடுகிறதா என்பது எந்த ராடார் கன்னையும்விட அதிகம் சொல்லும். பந்தை உள்ளங்கையில் புதைக்காமல் விரல் நுனிச் சதையில் பிடிக்கட்டும். இதற்குப் பந்தும் கைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, வீசும் தூரம் 35 அடி. நாம் நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் 12 அங்குலப் பந்தைக் கொடுத்து, பெரியவர்களின் 43 அடியில் நிற்கவைக்கிறோம். பிறகு பிள்ளை பந்தைத் தள்ளுகிறாளே என்று குறைப்படுகிறோம்.

ரைஸ் பால் பற்றி ஒரு வார்த்தை. பந்து பாதி வழியில் மேலே குதிக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. 43 அடி என்பது 13.1 மீட்டர். பிட்சர் முன்னே எட்டி வைப்பதால் பந்து பறப்பது சுமார் 11.3 மீட்டர்தான். 113 கி.மீ. வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் 0.36 நொடி. அதற்குள் புவியீர்ப்பு பந்தை 60 சென்டிமீட்டருக்கு மேல் இழுத்துவிடும். நல்ல பின்சுழற்சி அந்த வீழ்ச்சியில் ஒரு பங்கைக் குறைக்கிறது. தொடை உயரத்தில் கிளம்பி மேல்நோக்கிப் போகும் பந்து, எதிர்பார்த்த அளவு விழாததால் பேட்டர் கண்ணுக்குக் குதித்த மாதிரி தெரிகிறது. ரைஸ் என்று சொல்லி வீசப்படுவதில் பெரும்பகுதி துப்பாக்கிக் குண்டு மாதிரி முன்னோக்கித் திருகிப் போகும் பந்து, அது எதையும் தூக்காது. டேப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். டிராப் பாலில் அந்தச் சிக்கல் இல்லை. முன்சுழற்சியும் புவியீர்ப்பும் ஒரே பக்கம் இழுக்கின்றன. மாலையில் கடற்காற்று எழும்போது புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் காற்றுக்கு எதிராக வீசக் கிடைத்தால் டிராப் இன்னும் நன்றாக விழும். ஆனால் டிராப் பால் தரையோடு அடியை வரவழைக்கும். நம் மேடு பள்ள மைதானத்தில் செகண்ட் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே ஷார்ட் ஸ்டாப் நிற்கும் பிள்ளையின் கதி பரிதாபம்தான்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

அமெரிக்காவின் ஜோன் ஜாய்ஸ் 1950களிலிருந்து 70கள் வரை ஆடியவர். வீசியது ஸ்லிங்ஷாட். முழு வட்டம் கிடையாது, கையைப் பின்னால் தூக்கி அங்கிருந்தே இறக்குவது. 753 வெற்றி, 42 தோல்வி. 150 நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்காத ஆட்டம்), அதில் 50 பெர்ஃபெக்ட் கேம் (ஒருவரும் பேஸையே எட்டாத ஆட்டம்). ஸ்லிங்ஷாட்தானே என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஸ்லிங்ஷாட்டுக்கும் விண்ட்மில்லுக்கும் வித்தியாசம் 9 மணிக்கு முன்னால்தான். அதற்குப் பிறகு, முழங்கை முந்துவது, பந்து பின்தங்குவது, இடுப்போரம் முன்கை சுழல்வது எல்லாம் ஒன்றே. ஜாய்ஸை இன்றைய பிட்சரோடு ஒப்பிட இடம் கொடுப்பது அதுதான். ஒப்பிட முடியாதது எண்களை. அவர் உச்சத்தில் இருந்தபோது ராடார் கன் மைதானத்துக்கு வரவில்லை. எதிரணிகளின் தரத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. பேஸ்பால் ஜாம்பவான் டெட் வில்லியம்ஸை அவர் திணறடித்தது ஒரு காட்சி ஆட்டம். சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபிஞ்ச் 2004இல் பேஸ்பால் வீரர் ஆல்பர்ட் பூஹோல்ஸை ஸ்ட்ரைக்-அவுட் செய்ததும், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றியதும் அப்படித்தான். தோளுக்கு மேலிருந்து வரும் பந்துக்குப் பழகிய கண், தொடையோரம் கிளம்பும் பந்தைப் படிக்கத் தெரியாமல் விழித்தது. பழகாத கண்ணை ஏமாற்றியதைப் பிட்சரின் மேன்மைக்குச் சாட்சியாக வைக்க முடியாது.

தூரத்தையும் மறக்காதீர்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1980களின் பிற்பகுதி வரை 40 அடி, பிறகுதான் 43. பழைய 40 அடியில் 104 கி.மீ. வேகத்தில் வந்த பந்து பேட்டருக்குக் கொடுத்த நேரமும், இன்றைய 43 அடியில் 113 கி.மீ. பந்து கொடுக்கும் நேரமும் ஒன்றே. பேட்டர்களின் வசதியும் கூடியிருக்கிறது. கண்ணில் அடிக்கும் மஞ்சள் பந்து, மரத்துக்கும் அலுமினியத்துக்கும் பிறகு வந்த காம்போசிட் பேட். அந்த வகையில் இன்றைய பிட்சரின் வேலை கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

காலம், தூரம், பேட் மூன்றும் ஒன்றாக இருக்கும் ஒப்பீடு வேண்டுமானால் அபட்டையும் கேட் ஆஸ்டர்மனையும் எடுங்கள். இருவரும் இடது கை, இருவரும் 2000களில் கல்லூரி ஆட்டம் ஆடியவர்கள். அபட்டின் 2,440 ஸ்ட்ரைக்-அவுட் கல்லூரிச் சாதனை, வேகத்தில் அவருக்குப் பக்கத்தில் ஆஸ்டர்மன் வரவே முடியாது. ஆனால் 7 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, எத்தனை என்று வகுத்தால் ஆஸ்டர்மனுக்கு 14.34, அதில் மேலே நிற்பவர் அவர்தான். கடைசி நேரத்தில் மடிந்து விழும் அந்த டிராப் பாலுக்கு எதிரில் வேகம் தோற்றது. ராடார் கன்னைக் கும்பிடுகிறவர்கள் இந்த ஒரு எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

என் முதலிடம் அமெரிக்காவின் லிசா ஃபெர்னாண்டஸுக்கு. கல்லூரியில் 93 வெற்றி, 7 தோல்வி, மூன்று ஒலிம்பிக் தங்கம். 2000 சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 25 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்தும் 13ஆவது இன்னிங்ஸில் 2-1 என்று அணி தோற்றது. தோற்ற ஆட்டத்திலேயே ஒலிம்பிக் சாதனை! ரைஸ், டிராப், சேஞ்ச்-அப் (பேட்டரை ஏமாற்ற மெதுவாக வரும் பந்து) மூன்றும் ஒரே கைவீச்சில் வந்தன. பல பிட்சர்கள் சேஞ்ச்-அப்புக்குக் கையை மெதுவாக்கிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். கைவீச்சின் வேகம் மாறாமல் பந்து மட்டும் 16 முதல் 24 கி.மீ. குறைய வேண்டும், சூட்சுமம் அதுதான்.

இரண்டாமிடம் ஜப்பானின் யூகிகோ உவெனோ. 2008 பெய்ஜிங்கில் இரண்டு நாளில் மூன்று ஆட்டம், 413 பந்து, கடைசியில் அமெரிக்காவை 3-1 என்று சாய்த்துத் தங்கம். 2021இல் 39 வயதில் டோக்கியோவில் மறுபடி தங்கம். ஆனால் இந்த 413ஐ நம் கோச்சுகள் தப்பாகப் படிக்கிறார்கள். கீழ்க்கை வீச்சு இயற்கையானது, தோள் வலிக்காது என்று சொல்லி, ஒரே பிள்ளையைக் காலையும் மாலையும் வீசவைக்கிறார்கள். 1996 ஒலிம்பிக் பிட்சர்களை அளந்து பார்த்த ஆய்வில், தோள் மூட்டைப் பிரித்து இழுக்கும் விசை உடல் எடையில் சராசரி 80 சதவீதம். 50 கிலோ பிள்ளைக்கு ஒவ்வொரு பந்துக்கும் 40 கிலோ எடை கையைப் பிடித்துத் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கையின் முன்பக்கம், பைசெப்ஸ் தோளில் சேரும் இடத்தில் வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு வீச்சு முடிந்தது. அணிக்குக் குறைந்தது இரண்டு பிட்சராவது வேண்டும். இரண்டாவது ஆள் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

அமெரிக்க ஆண் பிட்சர் எடி ஃபைக்னரை ஏன் விட்டீர்கள் என்று கமென்டில் கேட்பீர்கள். நாலே ஆளை வைத்து ஊர் ஊராக ஆடி வென்றவர், கண்ணைக் கட்டிக்கொண்டும் வீசியவர், கெட்டிக்காரர்தான். ஆனால் ஆண்களுக்குத் தூரம் 46 அடி, அது தனி ஆட்டம். அவர் பேரில் சொல்லப்படும் 104 மைல், மணிக்கு 167 கி.மீ., என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அருகருகே வைத்துப் பார்க்க இன்றைய ஆண் பிட்சர்களின் அளந்த வேகம் இருக்கிறது, அந்த 104க்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை.