தொங்கவிட்டு இறுக்காதீர்கள்

எட்டே மாதத்தில் காரின் முன்சக்கரப் பக்க றப்பர் புஷ் திரும்பவும் போய்விட்டது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வேகத்தடையில் ஏறினால் முன்பக்கம் 'டக்' என்கிறது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. மாற்றித் தந்த கராஜில் கேட்டால், "சாமான் சரியில்லை அண்ணா" என்றார்கள். சாமானை வாங்கிப் போட்டதே அவர்கள்தான்!

அந்தக் கோபத்தில் இம்முறை நானே ஃப்ளாட்டுக்குக் கீழே காரடியில் படுத்துக்கொண்டு லோவர் ஆமைக் கழற்றினேன் (கடலாமை இல்லை; சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை, புஷ் இருப்பது இதில்தான்). கடற்காற்றில் போல்ட் துருவேறி, அதற்கே அரைநாள் போனது.

புஷ் என்பது வேறொன்றுமில்லை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒன்று, இரண்டையும் பிடித்தபடி நடுவில் றப்பர். நட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாது. சக்கரம் ஏறி இறங்க, றப்பர்தான் முறுகிக் கொடுக்கும். கார் ஜெக்கில் நிற்க, சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், காரை இறக்கிய கணமே றப்பர் முறுகிவிடும். சும்மா நிறுத்தி வைத்தாலும் முறுக்குத்தான். ஒரிஜினல் போட்டாலும் கிழியும். கராஜ்காரருக்கு இது தெரியாமலில்லை; அடுத்த கார் வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி, கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். வந்த விலையைப் பார்த்தால் பழைய காரைக் கும்பிட்டு வைத்திருப்பதே புத்தி. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். நான் கார் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கி, அங்கேயே பிரஸ்ஸில் (அழுத்தி ஏற்றும் மெஷினில்) ஏற்றுவித்தேன். பழையது எந்தத் திசையில் இருந்ததென்று ஆமில் கீறி அடையாளம் வைத்துத்தான் கொடுத்தேன். வெறும் ஜெக்கை நம்பி மட்டும் அடியில் போகவேண்டாம், காரைத் தாங்கும் ஸ்டாண்ட் கட்டாயம்.

தூக்குவதற்கு முன்பே, சக்கர நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன்: 37 சென்ரிமீற்றர். ஆமைப் பூட்டி, நட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரப் பக்க நுனிக்கு அடியில் ஜெக்கைக் கொடுத்து அதே 37 வரும்வரை மெதுவாக ஏற்றினேன். கார் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புகிறதா என்று ஒரு கண் அங்கேயே. கார் தரையில் நிற்கும் அந்த நிலையில்தான் முழு இறுக்கம். சக்கரங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் மட்டும் வெளியில்.

இப்போது 'டக்' இல்லை. டேப்தான் 37க்குப் பக்கத்தில் கிறீஸ் பட்டுக் கறுத்துவிட்டது. அம்மா இன்னும் பார்க்கவில்லை.