"அக்கா, புல்மன்ல ஸ்கூல் எப்படி?"

ஆகஸ்ட் பிறந்தா எங்க ஊர் தமிழ் வாட்ஸ்அப் குழுவுல இந்தக் கேள்வி வந்துடும். பிஎச்டிக்கோ, அதுக்கப்புறம் செய்யற போஸ்ட்டாக் ஆராய்ச்சிக்கோ புதுசா வர்ற குடும்பங்கள் கேக்கும். அஞ்சு நிமிஷத்துல யாராவது, பள்ளிக்கூடங்களுக்கு மார்க் போடற கிரேட்ஸ்கூல்ஸ் தளத்துல பத்துக்கு எத்தனைன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுடுவாங்க. கேட்டவங்களுக்கும் நிம்மதி, "தேங்க்ஸ் அக்கா"ன்னு போயிடுவாங்க. ஒவ்வொரு வருஷமும் இதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்துட்டேன். இந்தத் தடவை எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு ஊரைப் பத்தி ரெண்டு வரி. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்தோட கிழக்கு ஓரம். சுத்தி மேடும் பள்ளமுமா கோதுமை வயல், நடுநடுவே நம்ம மைசூர்ப் பருப்பு. (1989லேர்ந்து பருப்புக்குன்னே திருவிழா எடுக்கிறாங்க. பெரிய அண்டாவுல பருப்பு சில்லின்னு ஒரு குழம்பு காய்ச்சி ஊருக்கே ஊத்துவாங்க. உப்பு காரம்லாம் எதிர்பார்க்காதீங்க.) 1890ல தொடங்கின வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டிதான் ஊருக்கு உயிர். எட்டு மைல் தாண்டினா மாஸ்கோ. அது ஐடஹோ மாநிலம், அங்கேயும் ஒரு யுனிவர்சிட்டி. எங்க ஊர்ல அரசு உயர்நிலைப் பள்ளி ஒண்ணே ஒண்ணுதான்.

இப்போ அந்த மார்க்குக்கு வருவோம். அதுல ஒரு முக்கியப் பங்கு மாநிலத் தேர்வுல பிள்ளைங்க வாங்கற மதிப்பெண். ஒரு வகுப்புல பாதிப் பிள்ளைங்களோட அம்மாவோ அப்பாவோ ஆராய்ச்சியாளர்னா, அந்தப் பிள்ளைங்க எந்தக் கொட்டகையில உக்காந்து படிச்சாலும் அந்தத் தேர்வைத் தாண்டிடும். அப்போ அந்த எண் யாரை அளக்குது? நம்மளைத்தான். நம்ம டிகிரிக்கு நாமே மார்க் போட்டுக்கிட்டு, பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்னு சொல்லிக்கறோம்.

நம்மாளுங்க வந்து ஆறு மாசம் ஆனதும் தொடங்கற புகார் இன்னொரு ரகம். "கணக்கு ரொம்ப மெதுவா போகுது, ஹோம்வொர்க்கே இல்லை, ஊர்ல இருந்திருந்தா இந்நேரம் ஆல்ஜீப்ரா முடிச்சிருப்பான்." சரி, வேகமா ஓடற பிள்ளைக்குச் சின்ன ஊர்ல வழி குறைவுதான், அதை மறுக்கலை. ஆனா இந்த மாநிலத்துல 1990லேயே சட்டம் போட்டு, பதினொண்ணு பன்னிரண்டு படிக்கிற பிள்ளைங்க கல்விக் கட்டணம் இல்லாம கல்லூரிப் பாடமே படிக்கலாம்னு வெச்சிருக்காங்க. ரன்னிங் ஸ்டார்ட்னு பேரு. புத்தகம், போக்குவரத்து, கல்லூரியோட சில்லறைக் கட்டணங்கள் நம்ம செலவு. படிச்ச பாடம் பள்ளிக் கணக்குலயும் ஏறும், கல்லூரிக் கணக்குலயும் ஏறும். புகார் சொல்ற பெற்றோர்ல முக்கால்வாசிப் பேர், பள்ளியில பாடம் தேர்ந்தெடுக்க வழி சொல்ற கவுன்சிலரை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

பிள்ளைங்க கிட்ட கேட்டா அதே பள்ளிக்கூடத்தோட வேற முகத்தைச் சொல்றாங்க. என் பொண்ணு சேர்ந்த முதல் வாரத்துலயே, பக்கத்துல உக்காந்த பொண்ணு கேட்டாளாம்: "உங்கப்பாவுக்கு எப்போ டிகிரி முடியும்?" அந்தப் பொண்ணு ஊர்க்காரக் குடும்பம், தாத்தா காலத்துலேர்ந்து கோதுமை விவசாயம். கொரியா, நேபாளம், சவுதி, இந்தியான்னு சிநேகிதம் பிடிச்சுப் பிடிச்சு, அப்பாக்களோட தீசிஸ் முடிய முடிய ஒவ்வொருத்தரா வழியனுப்பியிருக்கா. அதான் முதல்லயே விசாரிச்சுட்டா, இந்தச் சிநேகிதம் எத்தனை வருஷம் தாங்கும்னு. நாம மூணு வருஷத்துல சாமானைக் கட்டிட்டுக் கிளம்பிடுவோம், அதனால இது நம்ம கண்ணுல படறதே இல்லை. ஒரே உயர்நிலைப் பள்ளிங்கறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு கூட்டத்தோட பிணக்கு வந்தா, பிள்ளைக்கு ஒதுங்கிப் போக வேற இடமே கிடையாது.

பிள்ளைங்க கருத்தை மாநிலம் கேக்காம இல்லை. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புல ஹெல்தி யூத் சர்வேன்னு ஒண்ணு எடுக்கறாங்க, பேர் போடாம. பள்ளியில பாதுகாப்பா உணர்றியா, யாராவது உன்னை வம்பு பண்றாங்களா, மனசு உடைஞ்சா போய்ப் பேச ஒரு பெரியவர் இருக்காரா, இதெல்லாம் கேக்கும். பள்ளியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சு உருப்படியான கேள்விங்க இதுதான். நம்ம குழுவுல யாரும் இதோட ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டு நான் பார்த்ததில்லை.

காசு விஷயமும் தெரிஞ்சுக்கோங்க. பள்ளிக்கு மாநிலம் போதுமான பணம் கொடுக்கலைன்னு 2012ல மாநில உச்ச நீதிமன்றமே மெக்லியரி வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்கப்புறமும் இழுத்தடிச்சாங்கன்னு 2015லேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும் போட்டுச்சு. 2018லதான் வழக்கு முடிஞ்சது. இன்னைக்கும் மேற்செலவுக்கு உள்ளூர்ச் சொத்து வரியில லெவின்னு ஒரு கூடுதல் வரி வேணும், அதுக்கு ஊர் ஓட்டுப் போடணும். புதுக் கட்டடம்னா பாண்டு, அதாவது கடன் பத்திரம், அதுக்கு 60 சதவீத ஓட்டு. யுனிவர்சிட்டி நிலம் மாநிலத்தோடது, அதுக்குச் சொத்து வரி கிடையாது. விசாவுல இருக்கிற நமக்கு ஓட்டு கிடையாது. அதாவது, சொந்தப் பிள்ளை படிச்சு முடிச்சுப் போன வீட்டுத் தாத்தா பாட்டிங்க, வயல்காரங்க எல்லாம் "சரி, போகட்டும்"னு ஓட்டுப் போடறதாலதான் நம்ம பிள்ளை வகுப்புல உதவி ஆசிரியர் நிக்கறாங்க. அவங்களை ஒரு தடவை நினைச்சுப் பார்த்துட்டு அப்புறம் ஹோம்வொர்க் பத்திப் பேசுவோமே.

சரி, எப்படித்தான் ஸ்கூல்? நல்லா இருக்கு. இங்கிலீஷ் தெரியாம வர்ற பிள்ளை இங்க அதிசயம் இல்லை, அதனால யாரும் முறைச்சுப் பார்க்க மாட்டாங்க. எனக்கு அதுவே பத்துக்கு எட்டு. வர்றவங்க டாக்டர் கையெழுத்தோட தடுப்பூசி ரெக்கார்டை மட்டும் மறக்காம பெட்டியில வைங்க, அது இல்லாம வகுப்புல உக்கார விட மாட்டாங்க.