அது ஆயா வேலை இல்லை, அண்ணா

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் வாட்ஸ்அப்பில் விஷயம் வந்து சேர்ந்திருக்கும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

பள்ளிக்கூடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நம் தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்புக்கு முந்தின வருடம்தான் கிரேடு ஆர். அந்த வகுப்புக்கு இருக்கிற இரண்டு அறையும் நிரம்பிவிட்டன. புது அறை வரும் வரைக்கும், திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் மட்டும் நம் சங்க மண்டபத்தைக் கொடுங்கள் என்றார்கள். கல்யாணம், பூசை எல்லாம் சனி ஞாயிறில். தமிழ் வகுப்பும் சனிக்கிழமைதான். மற்ற ஐந்து நாளும் அந்த மண்டபத்தில் அடுக்கி வைத்த நாற்காலிகளைத் தவிர யாரும் இல்லை. அதற்கு ஒரு அண்ணாவிடமிருந்து வந்த பதில், "ஆயா வேலைக்கெல்லாம் நம்ம மண்டபமா?" நாலு பேர் சிரித்தார்கள். அந்த வேலையைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அது ஆயா வேலை இல்லை, அண்ணா. அது பள்ளிக்கூடம்.

ஜனவரியில் புதிதாக வரும் பிள்ளையை எண்ணச் சொன்னால் இருபது வரை கடகடவென்று சொல்லும். வீட்டில் ஆசையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பால் பாட்டில் மூடிகளைப் பாயில் கொட்டி, "இதில் ஏழு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுக்கும். ஏழு என்பது அதற்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குள் ஏழு மூடி இருக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபட மாதக்கணக்காகும். இந்த வருடம் ஒரு பையன், மே மாதத்தில் ஒரு நாள், மூடிகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தான். எட்டாவதைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான். அது போதும் எனக்கு. இனி அவனுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுக்கலாம். அந்த இடத்துக்கு வராமல் முதல் வகுப்புக்குப் போகிற பிள்ளை, அங்கே முதல் நாளிலிருந்தே பின்னால்தான் நிற்கும்.

"விளையாட்டுதானே" என்கிறார்கள். ஆமாம், விளையாட்டுதான். கத்தரிக்கோல் பிடிக்க வைப்பது, மணி கோக்க வைப்பது எல்லாம் விளையாட்டுதான். பென்சில் பிடிக்கிற பலம் விரலுக்கு வேறு எங்கிருந்து வரும்? வாரத்துக்கு 23 மணி நேரம் பாடத்திட்டம் போட்டு நடத்துகிறோம். அதில் 10 மணி மொழி, 7 மணி கணக்கு. இதை ஒரு குழந்தைக் காப்பகமும் செய்யாது.

மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செலவு செய்யுங்கள், அங்கேதான் ரிசல்ட் தெரியும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், இந்த நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேருக்குப் படித்ததின் அர்த்தம் புரியவில்லை. நான்காம் வகுப்பிலேயே இப்படி என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் பணத்தைக் கொட்டி எதைச் சரிசெய்வது?

"அரசாங்கம் கட்டட்டும், நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" இது நியாயமான கேள்வி. எனக்கும் கோபம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் கிரேடு ஆர் என்று 2001இலேயே வெள்ளை அறிக்கை போட்டார்கள், 2010க்குள் முடிப்போம் என்றார்கள். முடியவில்லை. 2024 செப்டம்பரில் ஜனாதிபதி ராமபோசா கையெழுத்துப் போட்ட சட்டத்தில் கிரேடு ஆர் கட்டாயம் ஆகிவிட்டது. ஆறு வயது நிரம்புகிற வருடம் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் அனுப்பாத பெற்றோருக்கு 12 மாதம் வரை சிறை என்றுகூட எழுதியிருக்கிறது. ஆனால் போகிற பிள்ளைக்கு உட்கார இடம் எங்கே? விண்ணப்பத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் "அரசாங்கம் கட்டும், காத்திருங்கள்" என்று சொல்ல வேண்டியவள் நான். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது ஒரு தடவைதான் வரும்.

நம் ஆட்கள் எப்போது அரசாங்கத்துக்காகக் காத்திருந்தார்கள்? நேட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பாதிக்கு மேல் நம் மக்கள் வீடு வீடாக வசூல் செய்து எழுப்பியவை. நாம் ஒரு பவுண்டு போட்டால் அரசாங்கம் ஒரு பவுண்டு போடும் என்று கணக்கு. அதுவும் போதாமல் ஒரே அறையில் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று பிளட்டூன் வகுப்பு நடந்தது. என் அப்பா மத்தியானக் கூட்டம். காலைப் பிள்ளைகள் எழுந்து போன பெஞ்சு இன்னும் சூடாக இருக்கும் என்று சொல்லுவார். இடம் இல்லாத வலி நம் வீட்டுக் கதை. அதைக் கேட்டு வளர்ந்தவர்களா இப்படிச் சிரித்தீர்கள்?

தனியார் கிரெஷ், அதாவது குழந்தைக் காப்பகம் நடத்துகிற அக்காமார் பிழைப்பு போகும் என்று ஒருவர் சொன்னார். அவர்களிடம் கிரேடு ஆருக்கு முந்தின பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 17 ராண்டாக இருந்த மானியத்தை 24 ஆக்க 2025 பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை வாங்கித்தரச் சங்கம் உதவட்டும், நானும் கூட வருகிறேன்.

"சின்னப் பிள்ளை பாட்டியிடம் இருப்பதுதான் நல்லது." இதைத்தான் எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். அம்மா விடியும் முன் பஸ் பிடித்துத் தையல் ஃபேக்டரிக்குப் போய்விடுவார். ஆயாதான் என்னை வளர்த்தாள். முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கும்போது, "எத்தனை கல்லு கண்ணு, சொல்லு" என்பாள். அவளிடம் கற்றதை இன்றைக்கும் வகுப்பில் செய்கிறேன். அதனால் அந்த வார்த்தையை இளக்காரமாகச் சொன்னபோது எனக்கு இரண்டு பக்கமும் வலித்தது.

ஆனால் ஆயாவிடம் இருந்து நேராக முதல் வகுப்புக்குப் போனவள் நான். எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டீச்சர் இங்கிலீஷில் பேசினார். வெளியே போக வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இடத்திலேயே நனைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தச் சிமெண்டுத் தரையின் நிறம் மறக்கவில்லை. ஒரு வருடம் முன்னால் யாராவது என்னைச் சேர்த்துப் பழக்கியிருந்தால்?

இப்போது என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜூலு மொழி மட்டும் பேசிக்கொண்டு வருகிறார்கள். அதே பயம், அதே கண். கூட்டத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் சுவர் அழுக்காகும், டாய்லெட் கெட்டுப்போகும் என்று அடுக்கியதற்கெல்லாம் அடியில் இருந்தது இதுதானே, "அது நம்ம பிள்ளைங்க இல்லையே"? தப்பாகச் சொன்னால் மன்னியுங்கள். தப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தமிழுக்காகக் கட்டிய மண்டபம் என்றீர்கள். சனிக்கிழமை வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். 2014இல் தமிழ் மறுபடி பள்ளிப் பாடமாக வரலாம் என்று கதவைத் திறந்தார்கள், அதற்குள் நுழைய நம்மிடம் பிள்ளை இல்லை. மொழி ஒட்டுகிற வயது ஐந்து, ஆறு. மூடி எண்ணும்போது நான் ஒண்ணு, ரெண்டு, மூணு என்றும் சொல்லுவேன். ஜூலுப் பிள்ளைகள்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்டில் என்னைக் கண்டால் "ஏழு!" என்று கத்துகிறார்கள்.

இராத்திரி படித்து டிப்ளமோ வாங்கினேன். இன்னும் வருடா வருடம் புது ஒப்பந்தம்தான். அதைப் பற்றி நான் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. அன்றைக்கு வாசலில், "கோபப்படாதே தங்கச்சி, உன்னைச் சொல்லலை" என்றீர்கள். என்னைத்தான் சொன்னீர்கள், அண்ணா.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். மண்டபத்தை மறுபடி கேட்கப் போகிறேன், இந்தத் தடவை காத்திருக்கிற அம்மாக்களோடு. சந்தா கட்டினவர்களுக்குத்தான் ஓட்டு. பாக்கி வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் கட்டிவிட்டு வாருங்கள்.