தண்ணி பில் கடிதத்தை லாச்சிக்குள் வைக்காதீர்கள்

போன மாதம் லண்டனில் தெரிந்த அக்கா ஒருவர் தன் சமையலறை லாச்சியைத் திறந்து காட்டினார். உள்ளே பதினொரு கடிதங்கள், எல்லாம் தண்ணி பில். முதல் இரண்டைப் பிரித்துப் பார்த்தவர் மற்றவற்றைத் தொடவே இல்லை. "கட்டாட்டி தண்ணியை வெட்டிப்போடுவாங்கள் தம்பி, சீட்டை எடுத்துக் கட்டப்போறன்" என்றார். கணவருக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் நடக்கிறது. தண்ணீர் நின்றால் அந்த மனிசன் என்ன ஆவார் என்ற பயத்தில் அக்காவுக்கு நித்திரையே இல்லை.

இந்தப் பயம் நாம் ஊரிலிருந்து கொண்டு வந்தது. அங்கே பாக்கி வைத்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள். இங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியிருக்கும் வீட்டுக்குப் பில் பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்த முடியாது. கடன் கடன்தான், கோர்ட் வரை போகலாம். ஆனால் குழாயில் தண்ணீர் வரும். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

அப்புறம் 'வாட்டர்ஷ்யூர்' என்ற தண்ணி பில் சலுகைத் திட்டம் பற்றிச் சொன்னேன். வீட்டில் மீற்றர் இருக்க வேண்டும்; யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிப்பணம் ஏதாவது எடுக்க வேண்டும். அதோடு சைல்ட் பெனிபிட் வாங்கும் பிள்ளைகள் மூன்று அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது வீட்டு டயாலிசிஸ், குரோன்ஸ் என்ற குடல் நோய் போல நிறையத் தண்ணீர் தேவைப்படும் நோய் யாருக்காவது இருக்க வேண்டும். இவை பொருந்தினால், எவ்வளவு பாவித்தாலும் அந்தக் கம்பனியின் சராசரி வீட்டு பில்லுக்கு மேல் அறவிட மாட்டார்கள். அக்கா வீட்டுக்கு எல்லாமே பொருந்துகிறது. இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை!

இது பொருந்தாதவர்களுக்கு, வருமானம் குறைவென்றால் 'சோஷியல் டாரிஃப்' என்ற சலுகைக் கட்டணம் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். யாருக்கு எவ்வளவு கழிவு என்பதைக் கம்பனிக்குக் கம்பனி வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க ஒரே சலுகை வேண்டும் என்று நீர்ப் பாவனையாளர் சபையின் ஆய்வு 2021 இலேயே சொல்லியது. 2025 ஏப்ரலில் வீட்டு பில் சராசரியாக வருடத்துக்கு 123 பவுண்ஸ் ஏறியது. ஏற்றத்தை எல்லா வீட்டுக்கும் தாங்களாகவே அனுப்பத் தெரிகிறது, சலுகையை மட்டும் நாங்கள் தேடிப் போய்க் கேட்க வேண்டுமா?

சரி, கேட்போம். கட்ட முடியவில்லை என்று கம்பனிக்கு போன் எடுத்துச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆங்கிலம் கஷ்டமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வேறு கடன்களும் கழுத்தை நெரித்தால் இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிடம் போய் 'பிரீதிங் ஸ்பேஸ்' பற்றிக் கேளுங்கள்; பெரும்பாலான கடன்களுக்கு 60 நாள் வரை வட்டியும் நெருக்குதலும் நிற்கும். சீட்டு எடுக்கிறதும் நகை அடகு வைக்கிறதும் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அக்காவின் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டோம். இந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன். தெரிந்தவர்கள் யார் லாச்சியிலாவது இப்படிக் கடிதங்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு வாங்கோ, இருந்து ஒன்றாகப் பிரிப்போம்.